கொள்ளிடக் கரையில் உயிரினக் கணக்கெடுப்பு: முதல்முறை களப்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

காவிரி டெல்டாவில் களப்பயிற்சிக்குப் போக ஆசைப்படும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது பைனாகுலரைப் பற்றித்தான். எந்த கம்பெனி, என்ன விலை, பழையது வாங்கலாமா? அதற்குப் பிறகு வருவோம். முதல் வேலையாக, இன்றிலிருந்து தினமும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் நீர்த்திறப்பையும் பாருங்கள். செய்தித்தாளில் நாள் தவறாமல் வருகிறது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆற்றுப்படுகையில் எந்த உயிரினம் எங்கே இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர். எத்தனை பறவை பார்த்தீர்கள் என்ற எண்ணைத் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்ற குறிப்பு இல்லாமல் எழுதினால், அடுத்த வருடம் அதை வைத்து யாரும் எதையும் ஒப்பிட முடியாது.

கொள்ளிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரியாகவே போகிறது, வடக்குக் கிளை கொள்ளிடம். கீழே கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பாசனத்துக்குப் பங்கு போட்டுவிட்டு, தாங்காத தண்ணீரை மறுபடியும் கொள்ளிடத்தில் தள்ளுகிறார்கள். பயிருக்குக் காவிரியும் வெண்ணாறும், வெள்ளத்துக்குக் கொள்ளிடம் என்பதுதான் ஏற்பாடு. அதனால் வருடத்தில் பல மாதங்கள் அது அகலமான மணல்வெளி. நடுவில் மடுக்கள், நாணல் திட்டுகள், ஓரத்தில் வாழையும் கரும்பும் நிற்கும் படுகை நிலம். 2018-லும் 2022-லும் போல மேட்டூர் நிரம்பி வழிந்தால் அதே இடத்தில் வினாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கு மேல் ஓடும். இந்த இரண்டு நிலைக்கும் ஈடுகொடுத்து வாழும் உயிரினங்களைத்தான் நீங்கள் கணக்கெடுக்கப் போகிறீர்கள்.

1. எந்தப் பருவம் என்று முதலில் முடிவெடுங்கள்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர ஏறத்தாழ 3 நாள். அதற்குப் பிறகு குறுவை நடவு, அடுத்து சம்பா, தாளடி, நடுவில் ஐப்பசி கார்த்திகை அடைமழை. பறவைகளின் நாள்காட்டியும் இதை ஒட்டியே ஓடுகிறது. உழுது சேறாக்கிய வயலில் உண்ணிக்கொக்கும் அரிவாள் மூக்கனும் இறங்கும். நத்தை பெருகியதும் நத்தைகுத்தி நாரை வரும். ஏரி நிரம்பி, கருவேல மரங்கள் தண்ணீருக்குள் நிற்கத் தொடங்கியதும் கூடு கட்டுவது மும்முரமாகும்.

ஜூலை, ஆகஸ்டில் புதியவர்கள் கொள்ளிடத்துக்குள் வேலை செய்ய வேண்டாம். திறப்பு எப்போது கூடும் என்று சொல்ல முடியாது. அக்டோபர், நவம்பரில் வலசைப் பறவைகள் வந்து சேரும். ஆனால் மழையும் சேறும் சேர்ந்து பாதி நாளை விழுங்கிவிடும்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை என்பது முதல் களப்பயிற்சிக்கு மிகச் சரியான காலம். ஏரிகளில் வாத்துகள் நிறைந்திருக்கும், வெயில் சுடாது, ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 1987-இல் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பில் இன்றும் தன்னார்வலர்கள்தான் பெரும்பங்கு. தமிழ்நாடு வனத்துறையும் மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் ஈரநிலப் பறவைகளை எண்ணுகிறது. பொங்கலை ஒட்டி பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. ஒரே மாதத்தில் இத்தனை பேரோடு சேர்ந்து எண்ணிப் பழகும் வாய்ப்பு வேறு எப்போதும் கிடைக்காது.

மார்ச் முதல் மே வரை ஆற்றுக்கான காலம். தண்ணீர் சுருங்கி மடுக்களில் நிற்கும்போது நீர்நாய், முதலை, ஆமை எல்லாம் அங்கே வந்து சேரும். ஆற்று ஆலாவும் ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் திறந்த தரையில் முட்டையிடும். கல்லூரி விடுமுறை ஏப்ரல், மேயில்தான் வருகிறது என்பதால் பலரும் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மதியம் மணலில் கால் வைக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

2. இடமும் வழிகாட்டியும்

டெல்டாவில் பழகுவதற்கு 3 ஏரிகளைச் சொல்வேன். அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி, திருவாரூர் மாவட்டத்தில் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம். மூன்றுமே பறவைகள் சரணாலயங்கள், மூன்றுமே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இருப்பவை. பின்னிரண்டும் 2022-இல் சேர்ந்தன, கரைவெட்டி 2024-இல். கரைவெட்டி ஏறத்தாழ 454 ஹெக்டேர். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக அதற்கும் காவிரித் தண்ணீர்தான். வரித்தலை வாத்து பார்க்க வேண்டுமென்றால் அங்கே போங்கள். வடுவூர் அதைவிடச் சிறியது, கரையிலிருந்தே முழு ஏரியையும் கண்ணால் அளக்கலாம், அதனால் எண்ணப் பழகுகிறவர்களுக்கு அதுவே நல்லது. உதயமார்த்தாண்டபுரம் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாகக் கூடுகட்டும் ஊர். ஆற்று வேலைக்கு, கல்லணைக்குக் கீழே கொள்ளிடமும், கும்பகோணம் சிதம்பரம் வழியில் அணைக்கரையைச் சுற்றிய பகுதியும்.

'இன்டர்ன்ஷிப்' என்று பெயர்ப்பலகை மாட்டிய வாய்ப்புகளை மட்டுமே தேடினால் குறைவாகத்தான் கிடைக்கும். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியின் வன உயிரியல் துறை, கோவை ஆனைக்கட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம், வண்டலூரில் வனத்துறையின் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வுக்காக டெல்டாவில் வேலை செய்கிறவருக்கு ஜனவரியில் கை போதாது. அவருக்கு நேராக எழுதுங்கள், சேர்த்துக்கொண்டால் அவர்தான் உங்கள் வழிகாட்டி.

எழுதும் கடிதத்தில் 'சிறுவயது முதலே இயற்கை மீது தீராத காதல்' என்ற வரி வேண்டாம். அதைப் படித்துப் படித்து அவர்களுக்கு அலுத்துவிட்டது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், இருசக்கர வாகனம் ஓட்டத் தெரியுமா, உரிமம் உண்டா, நீச்சல் தெரியுமா, எத்தனை பறவை இனங்களை உதவியில்லாமல் அடையாளம் காண்பீர்கள், கணினியில் அட்டவணை போடத் தெரியுமா என்று நேராகச் சொல்லுங்கள். பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்ட் இணையதளத்தில் நீங்கள் ஏற்கெனவே பதிவேற்றிய பட்டியல்கள் இருந்தால் ஒரு வரி சேர்க்கலாம். ஊர் ஏரியில் ஒரே இடத்திலிருந்து வாரம் ஒருமுறை எண்ணி வந்தவர், அரிய பறவைப் படங்களோடு வருகிறவரைவிட உடனே வேலைக்கு ஆவார்.

ஒப்புக்கொள்ளும் முன் நீங்களும் சில கேள்விகள் கேட்க வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, பெட்ரோல் யார் செலவு? உதவித்தொகை உண்டா? விபத்துக் காப்பீடு உண்டா? தரவு யாருடையது, உங்கள் பெயர் எங்கே வரும்? பெண்கள் தனியாகக் களத்துக்கு அனுப்பப்படுவார்களா, துணை உண்டா? இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது. சம்பளம் இல்லாத வேலை என்றால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் பெரும்பாலான களப்பயிற்சிகள் அப்படித்தான் என்பது பெருமைப்படும் விஷயமில்லை. கையில் காசிருக்கும் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இந்தத் துறைக்குள் நுழைய முடிகிறது என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. அனுமதி

சரணாலயத்துக்குள் ஆய்வுக்காகப் போக வனத்துறையின் எழுத்து மூல அனுமதி வேண்டும். வழிகாட்டியின் அனுமதிக் கடிதத்தில் உங்கள் பெயரும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். வனச்சரகரையும் வனக்காப்பாளரையும் முதல் நாளே நேரில் பார்த்துவிடுங்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்களிடமும் பேசுங்கள். அந்த ஏரியின் பத்து வருட வரலாறு பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் இருக்கிறது.

டிரோன் பறக்கவிடுவது, விலங்கு கடந்தால் தானாகவே படமெடுக்கும் கேமரா பொறி வைப்பது, கூட்டை நெருங்குவது, எதையும் கையில் பிடிப்பது ஆகியவற்றுக்குத் தனித்தனி அனுமதி. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலை போன்றவை மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஆமைக் குஞ்சைக் கையில் வைத்துப் படமெடுத்துப் போடுவதுகூட வம்பில் முடியும்.

4. கொண்டுபோக வேண்டியவை

இப்போது பைனாகுலர். 8×42 போதும், அதாவது 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ. 10 மடங்கு வேண்டாம், கை நடுங்கும். ஏரியின் நடுவில் இருக்கும் வாத்துகளுக்கு முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி அவசியம், அது வழிகாட்டியிடம் இருக்கும்.

பேனாவை விடப் பென்சில் நல்லது, ஈரத்தில் அழியாது. நோட்டுக்கு பிளாஸ்டிக் உறை. அழுத்த அழுத்த எண் ஏறும் கைச்சொடுக்கி எண்ணி ஒன்று. முழுக்கைச் சட்டை, தொப்பி, தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம். காக்கி நிறத்தில் எதுவும் வேண்டாம். கரையில் காக்கி நடந்து வந்தால் ஊர் ஒதுங்கிப் போகும், பேச மாட்டார்கள்.

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் பார்க்க நன்றாக இருக்கும். டெல்டாச் சேற்றில் மாட்டினால் காலை உருவிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும், ஆழத்தில் இறங்கினால் உள்ளே தண்ணீர் நிரம்பிக் கீழே இழுக்கும். வார் வைத்துக் கட்டும் ரப்பர் செருப்பே மேல். ஆனால் பாம்பு நடமாட்டம் உள்ள புல்வெளிக்கும் கரைக்கும் கணுக்கால் மூடும் ஷூ.

5. எண்ணுவது எப்படி

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

போவதற்கு முன் 40 இனங்களைத் திடமாகப் படித்துக்கொண்டால் டெல்டாவில் பெரும்பாலான நாட்களைச் சமாளிக்கலாம். முதலில் ஒரே மாதிரித் தெரிபவற்றைப் பிரிக்கப் பழகுங்கள். வெள்ளையாக நிற்பதெல்லாம் கொக்கு என்று எழுதினால் அது தரவாகாது. சின்ன வெள்ளைக் கொக்குக்குக் கறுப்பு அலகும் மஞ்சள் பாதமும். பெரிய வெள்ளைக் கொக்கின் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். உண்ணிக்கொக்கு குட்டையாக, மஞ்சள் அலகோடு, பெரும்பாலும் மாட்டருகே. நீர்க்காகங்களில் 3 வகை. வாத்துகளில் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகுக் கிளுவை மூன்றின் ஆண்களை எளிதில் சொல்லிவிடலாம். பெண்களில்தான் சிக்கல். சந்தேகம் என்றால் 'இனம் தெரியாத வாத்து, 120' என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய இனப்பெயரைப் பிறகு யாராலும் திருத்த முடியாது, தெரியாதென்று எழுதியதால் யாருக்கும் நட்டமில்லை.

வெயில் முதுகுப் பக்கம் விழும்படி நில்லுங்கள். காலையில் கிழக்குக் கரையிலிருந்து தொடங்குவது நல்லது. எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புதான். கண்ணுக்குத் தெரியும் நீர்ப்பரப்பை மனதுக்குள் துண்டுகளாகப் பிரியுங்கள். அந்த இரட்டைப் பனையிலிருந்து மதகு வரை ஒரு துண்டு, மதகிலிருந்து கருவேலங்காட்டு முனை வரை இன்னொன்று. ஒவ்வொன்றையும் இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் எண்ணி முடியுங்கள். இரண்டு குழு எதிரெதிரே எண்ணினால் எல்லை எது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நடுவில் இருக்கும் 500 வாத்து இரண்டு தாளிலும் ஏறிவிடும்.

சில நூறு வரை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதற்கு மேல் போனால் 10 பறவையை எண்ணி, அந்த 10 எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்து, அதே அளவில் கூட்டத்தை அளந்துகொண்டு போக வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் 50, 100 என்று கூட்டுங்கள். பல இனம் கலந்த கூட்டமா? முதலில் மொத்தம். பிறகு தொலைநோக்கியை நாலைந்து இடங்களில் நிறுத்தி, ஒவ்வொரு பார்வையிலும் எந்த இனம் எத்தனை என்று எழுதி, அந்த விகிதத்தில் மொத்தத்தைப் பிரியுங்கள். எண்ணியதா, மதிப்பிட்டதா என்பதைப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். சேற்றுப்பூனைப் பருந்து ஒன்று தாழப் பறந்தால் ஏரி முழுக்க எழும்பிவிடும். எழும்பினால் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு, அடங்கும் வரை காத்திருந்து, அந்தத் துண்டை முதலிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொரு சிக்கல் டெல்டாவுக்கே உரியது. அறுவடை முடிந்த வயல்களிலும் ஏரி ஓரங்களிலும் வாத்து மேய்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் வளர்ப்பு வாத்துகளை ஓட்டி வருவார்கள். தூரத்தில் பழுப்பாக, நெருக்கமாக, ஒரே திசையில் நீந்தும் பெருங்கூட்டத்தைக் கண்டு மகிழ்வதற்கு முன் பக்கத்தில் கம்போடு யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். அவற்றையும் எழுத வேண்டும், ஆனால் வேறு பத்தியில். வலசை வாத்துகள் அந்த மூலையில் ஏன் இல்லை என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கால் வளையமோ கழுத்துப் பட்டையோ மாட்டிய பறவை தென்பட்டால் நிறம், எழுத்து, எண் எல்லாவற்றையும் எழுதி, மங்கலாக இருந்தாலும் படமெடுங்கள். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் பார்க்கப்பட்டிருக்கின்றன. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. தகவலை அவர்களுக்கு அனுப்பினால் பறவை எங்கிருந்து வந்தது என்று பதில் கிடைக்கும்.

6. ஆற்றுக்குள்

நீர்நாயை நேரில் பார்ப்பதற்கு முன் அதன் எச்சத்தைத்தான் பார்ப்பீர்கள். மணல்மேட்டில், பாறையில், பாலத்தூண் அடியில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டு வைக்கும். மீன் செதிலும் நண்டு ஓடும் நிறைந்து, மீன்வாடை தூக்கும். பழக்கொட்டை இருந்தால் அது மரநாய், எழுதாதீர்கள். ஈரமானது, காய்ந்தது, பொடிந்தது என்று மூன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். தடத்தில் 5 விரல், நடுவே சவ்வு பதிந்திருக்கும். ஈரமணலில் புரண்ட இடங்களும் தெரியும். கரையோரமாக 600 மீட்டர் நடந்து தேடுவது நீர்நாய் ஆய்வாளர்களிடையே வழக்கமான அளவு. எச்சம் எதுவும் இல்லாத 600 மீட்டரையும் அதே கவனத்தோடு பதிவு செய்யுங்கள். 'தேடினோம், இல்லை' என்பதும் 'தேடவே இல்லை' என்பதும் தாளில் வேறு வேறாகத் தெரிய வேண்டும்.

முதலைகளைக் குளிர்கால முற்பகலில் எண்ணுவது எளிது, வெயில் காய வெளியே கிடக்கும். முழு உடல் தெரியாவிட்டால் தலையின் நீளத்தைக் கணித்து ஏறத்தாழ 7 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பிப்ரவரி தொடங்கிக் கோடை வரை கரையில் குழி தோண்டி முட்டையிடும், தாய் பக்கத்திலேயே காவல் இருக்கும். அணைக்கரைப் பக்கமும் பழைய கொள்ளிடத்திலும் முதலை கடித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. எனவே தண்ணீர் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கை கழுவுவது, செருப்பு அலசுவது இரண்டும் கூடாது. இரவில் விளக்கடித்துக் கண் மினுக்கத்தை எண்ணும் வேலைக்கு அனுபவசாலிகள் இல்லாமல் போகாதீர்கள்.

மணல்திட்டில் ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் காலடியில் முட்டை இருக்கிறது என்று பொருள். நின்று, வந்த தடத்திலேயே திரும்புங்கள். முட்டை கூழாங்கல் நிறத்தில் இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். வெயிலில் பெற்றோர் எழுந்துபோனால் சில நிமிடங்களில் முட்டை வெந்துவிடும், எனவே கூட்டுக் கணக்கெடுப்பு காலை 8 மணிக்குள் முடிய வேண்டும். திட்டின் உயரம் தண்ணீரிலிருந்து எவ்வளவு என்பதையும் குறியுங்கள். கோடையில் திடீரென நீர் திறந்தால் தாழ்ந்த திட்டுகளின் கூடுகள் மொத்தமாகப் போய்விடும். எத்தனை அடி ஏறினால் எத்தனை கூடு போகும் என்ற கணக்கு நீர்வளத்துறையிடம் பேசும்போது உதவும்.

கேமரா பொறி வைத்தால் தரையிலிருந்து ஒன்றிரண்டு சாண் உயரத்தில், கிழக்கு மேற்கு பார்க்காமல் வையுங்கள். நீர்த்திறப்பு அறிவிப்பு வந்த அன்றே கழற்றிவிடுங்கள், மறுநாள் என்று தள்ளிப்போடாதீர்கள்.

7. தாளில் என்ன இருக்க வேண்டும்

இடம், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், யார் யார், எங்கே நின்று, எவ்வளவு தூரம் நடந்து. மேகம், காற்று. மதகில் அளவுக்கல் இருந்தால் அதன் அடிக்கணக்கு, இல்லையென்றால் ஏரியில் எத்தனை பங்கு தண்ணீர் என்று உத்தேசமாக. வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் எவ்வளவு மூடியிருக்கின்றன. மீன்பிடிப்பு, மாடு, வெடிச் சத்தம் போன்ற தொந்தரவுகள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் ஒரு படம். பருவம் முடிந்து இந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எண்கள் சொல்லாததையும் அவை சொல்லும்.

அன்றைய தாளை அன்று இரவே கணினியில் ஏற்றுங்கள். எவ்வளவு களைப்பு இருந்தாலும் சரி. 'அங்கே பார்த்தது பெரிய நீர்க்காகமா, கொண்டை நீர்க்காகமா' என்ற கேள்விக்கு அன்று பதில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை இருக்காது.

நீர்நாய்ப் பொந்து, முதலைக் கூடு, ஆமை அதிகம் உள்ள மடு, இவற்றின் இருப்பிடத்தைப் பொதுவெளியில் போடக் கூடாது. படத்தில் ஜிபிஎஸ் விவரம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள்.

8. ஊரோடு

புது முகம், கழுத்தில் கேமரா, கையில் நோட்டு என்று கொள்ளிடக் கரையில் நடந்தால், மணல் விஷயமாக வந்த ஆள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். மணல் அள்ளுகிறவர்கள், அதை எதிர்க்கிறவர்கள் என்று இரு தரப்பிலும் நினைப்பார்கள். அதனால் முதல் நாளே டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்: "பறவை எண்ண வந்திருக்கோம்ண்ணே, காலைல வந்து எண்ணிட்டுப் போயிடுவோம்." லாரி, மாட்டுவண்டி, பொக்லைன் எதையும் படமெடுக்காதீர்கள். உங்கள் வேலை அது அல்ல, தனியாக இருக்கும்போது நிச்சயமாக அல்ல.

வரப்பில் நடக்கக் கேட்டுக்கொண்டு நடங்கள். நட்ட வயலின் வரப்பு நைந்திருக்கும், உடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய் இருவருக்கும் சண்டையாகும், பழி உங்கள் மேல். வலை போடும் பெரியவர்களிடம் நேரம் ஒதுக்கிப் பேசுங்கள். நீர்நாய் எந்த மடுவில் குட்டியோடு திரிகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அது வலையைக் கிழித்த கோபமும் இருக்கும். அந்தக் கோபத்துக்கு இயற்கைச் சமநிலை பற்றிப் பாடம் எடுக்காமல், எந்த மாதத்தில், என்ன வலை, எவ்வளவு நட்டம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் தரவுதான்.

கொக்கும் மடையானும் கண்ணி வைத்துப் பிடிப்பதைப் பார்க்க நேரலாம். நேரில் தட்டிக் கேட்காதீர்கள். இடத்தையும் நேரத்தையும் வனச்சரகரிடம் சொல்லுங்கள், போதும்.

9. உயிரோடு திரும்ப

கொள்ளிடத்தில் முதலையைவிட ஆபத்தானவை மணல் அள்ளிய குழிகள். மேலே முழங்கால் தண்ணீர் போலத் தெரியும், ஓரடி தள்ளி ஆள் மூழ்கும் பள்ளம். ஊர்க்காரர் ஒருவர் முன்னே நடக்காமல் ஆற்றைக் குறுக்கே கடக்காதீர்கள். பரிசலில் ஏறினால் உயிர்காப்பு உடை கட்டாயம், நீச்சல் தெரிந்தாலும்.

முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தால் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள். அது கேட்டதும் வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன் மூன்றும் டெல்டாவில் உண்டு. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து அங்கே கிடைக்கும். பாம்பைப் பிடித்துக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. சேற்று வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரும். காலில் வெட்டு, புண் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் வயலில் இறங்கிய விஷயத்தைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

10. கிளம்பும்போது

மூலத் தாள்கள், கணினிக் கோப்பு, படங்கள் மூன்றையும் ஒப்படைத்து, ஒரு பிரதி வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். அடுத்து வரும் இன்டர்னுக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: எந்தக் கரையில் நடக்க முடியாது, எந்த மதகின் அளவுக்கல் சாய்ந்திருக்கிறது, சாவி யாரிடம். ஏரிக் கரையில் பேசிப் பழகியவர்களுக்கும், ஊராட்சிப் பள்ளிக்கும், எத்தனை இனம், எத்தனை பறவை என்று தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். சான்றிதழில் 'களப்பயிற்சி முடித்தார்' என்று மட்டும் போட்டால் பயனில்லை. எந்த முறையில், எந்த இடங்களில், எத்தனை நாள் கணக்கெடுத்தீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த இடத்தில் கேட்பது அதைத்தான்.